ஆவுடையப்பன், த/பெ சங்கரலிங்கம்

மே 2, வியாழன்

இந்த டைரி, பத்திரம் எழுத வந்த கட்சிக்காரர் ஒருவர் புது வருசத்துக்குக் கொடுத்தது. நாலு மாதமாக ஆடுகிற மேசைக்கு அண்டை கொடுத்து வைத்திருந்தேன். இன்று உருவி எடுத்து எழுதுகிறேன். யாரும் சொல்லி எழுதவில்லை. மனசுக்குள் ஒன்று கிடந்து அரிக்கிறது.

இருபத்து நாலு வருசமாகப் பத்திரம் எழுதுகிறேன். டவுனில் பிரமநாயகம் எழுதிய பத்திரம் என்றால் யாரும் இரண்டாம் தடவை படிப்பதில்லை. இன்று ஒரு கிரயப் பத்திரத்தில் வடக்கைத் தெற்காகவும் தெற்கை வடக்காகவும் அடித்து வைத்திருக்கிறேன். சார்பதிவாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"என்ன பிரமநாயகம், வீட்டையே திருப்பி வச்சிட்டீங்க?"

சிரித்தார்கள். வாங்குகிறவருடைய சம்சாரம் மட்டும் சிரிக்கவில்லை. நான் பக்கத்தில் போனதும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். எழுதியவர் கையொப்பம் போடுகிற இடத்தில் என் கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தது.

நேற்று மே தினம், கடை கிடையாது. முந்தின நாள் வாங்கி வைத்தது மத்தியானத்தோடு தீர்ந்துவிட்டது. கை நடுங்கியது அதனால்தான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

செண்பகம் சங்கரன்கோவிலில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். என் மாமியாருக்கு முழங்கால் வலி. அவள் இருந்தால் வேளாவேளைக்குச் சாப்பாடு இருக்கும், நான் இவ்வளவு குடிக்கவும் மாட்டேன்.

மே 3, வெள்ளி

பெரியாஸ்பத்திரிச் சுவரில் ஒரு நோட்டீஸ் உண்டு. 'குடியை நிறுத்த விருப்பமா? அழையுங்கள்' என்று ஒரு நம்பர். எட்டு மாதத்துக்கு முன்னால் பார்த்தது. சர்வே எண்ணை மறக்காத மண்டை இது, அந்த நம்பரையும் மறக்கவில்லை. காலையில் போட்டேன். மணி அடித்ததும் கட் பண்ணினேன். மறுபடி போட்டேன், மறுபடி கட் பண்ணினேன்.

பதினொரு மணிக்கு ஆபீசில் இரண்டு கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது அங்கிருந்தே திருப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"கூப்பிட்டிருந்தீயளே?"

"ராங் நம்பருங்க," என்றேன்.

"பாதிப் பேருக்கு மொதல்ல ராங் நம்பர்தான்," என்றது அந்தக் குரல். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. பாளையங்கோட்டை." பள்ளிக்கூடத்துக்கு வழியும் சொன்னார். நான் "சரி, சர்வே எண் பார்த்துச் சொல்றேன்" என்று சம்பந்தமில்லாமல் சொல்லி வைத்தேன்.

இன்று குடிக்கவில்லை. உடம்பு முழுக்க வேர்வை.

மே 5, ஞாயிறு

போய்விட்டு வந்தேன். ஆற்றைத் தாண்டிய ஊர், தெரிந்தவன் எவனும் இருக்க மாட்டான் என்கிற தைரியம்தான். ஆனாலும் பஸ்ஸை விட்டு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் மூடிக்கொண்டே நடந்தேன்.

கோவில் காம்பவுண்டுக்குள், மாதா சிலைக்குப் பின்னால், எல்கேஜி வகுப்பு. சுவரில் ஆடு, இலை, ஈ படங்கள். அரையடி உயரப் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்கப் பதினோரு ஆம்பளைகள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டாவதாக நானும் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒவ்வொருவராக எழுந்து, பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு வணக்கம் சொல்கிறார்கள். என்னமோ கலெக்டர் வந்த மாதிரி! என் முறை வருகிறது, வருகிறது, வந்தேவிட்டது. எழுந்தேன். என் பேரைச் சொல்ல நாக்கு புரளவில்லை. பொய்ப் பேர் சொல்வது என்று முடிவு கட்டினேன். ஆனால் பேரென்று ஒன்றைத் தனியாகச் சொல்லி எனக்குப் பழக்கம் கிடையாது. தகப்பன் பேரும் கதவு எண்ணும் இல்லாத பேர் எங்கள் தொழிலில் பேரே இல்லை. வாயைத் திறந்ததும் கடகடவென்று வந்துவிட்டது:

"ஆவுடையப்பன், தகப்பனார் பெயர் சங்கரலிங்கம், பேட்டை, ரயில்வே கேட் பக்கம் உரக்கடை."

அது என் அத்தான். என் கூடப்பிறந்த உலகம்மா அக்காவின் புருசன். போன வாரம்தான் அவர் தன் மகளுக்கு வீட்டுமனை எழுதிவைக்க நான் பத்திரம் தயார் பண்ணினேன். அதிலிருந்த வாசகம் அப்படியே நாக்கில் கிடந்திருக்கிறது.

நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அறுபதுக்கு மேல் இருக்கும், சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பேரு மட்டும் போதும்வே. இங்கன யாரும் பட்டா கேக்கல."

அவர் பேர் சொர்ணம். பதினோரு வருசமாகக் குடிக்கவில்லையாம். வெள்ளிக்கிழமை போனில் பேசியதும் இவர்தான். கூட்டம் முடிந்து கடுங்காப்பி கொடுத்தார்கள். "இங்க பாத்தது, கேட்டது எல்லாம் இங்கனயே கிடக்கும். வீட்டுல பொண்டாட்டிகிட்டகூடச் சொல்ல மாட்டோம்," என்றார். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அத்தான் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அவர் பேருக்கு ஒன்றும் ஆகாது.

மே 6, திங்கள்

பதிவான பத்திரத்தை வாங்க அத்தான் வந்தார். கையில் ஒரு பை நுங்கு.

"மொகம் வாடிக் கிடக்கே மாப்ளே. வெயிலா?"

ஆமாம் என்றேன். என் எதிரிலேயே நுங்கைத் தோண்டித் தோண்டி எடுத்துத் தட்டில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. அடுத்த ஞாயிறு பேரைத் திருத்திச் சொல்லிவிட வேண்டும். பத்திரமாக இருந்தால் பிழைதிருத்தல் ஆவணம் ஒன்று எழுதினால் போதும்.

மே 12, ஞாயிறு

திருத்தவில்லை. நான் உள்ளே நுழைந்ததுமே "வாங்க ஆவுடையப்பன்" என்று பதினோரு பேரும் சொன்னார்கள். அதற்குமேல் எங்கே திருத்துவது?

சொர்ணம் அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உமக்குப் பிள்ளைக எத்தனை?"

எனக்குப் பிள்ளை இல்லை. ஆனால் ஆவுடையப்பனுக்கு உண்டே. "ஒரே பொண்ணு அண்ணாச்சி. அபிராமி. மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்."

"பிள்ளை எப்படி?"

இதற்குப் பொய் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆன்லைன் பதிவு வந்தபோது இந்தத் தொழிலே வேண்டாம் என்று நான் மூட்டை கட்டியதையும், அவள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு மூன்று வாரம் நேரே என் ஆபீசுக்கு வந்து, ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுத்ததையும் சொன்னேன்; ஆபீசை மட்டும் கடை என்று மாற்றிக்கொண்டேன். அண்ணாச்சி என் தோளைத் தட்டினார்.

"அந்தப் பிள்ளைக்காகவாவது விட்டிரும்வே," என்றார்.

மே 15, புதன்

அக்கா போன் செய்தாள். அபிக்கு ஒரு வரன் வந்திருக்கிறதாம். பையன் நில அளவைத் துறையில் வேலை. அப்பா ரிட்டயர்ட் போஸ்ட்மாஸ்டர், பெருமாள்புரத்தில் சொந்த வீடு. பொருத்தம் நன்றாக இருக்கிறது, போட்டோ பார்த்து இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது.

பயோடேட்டாவை எனக்கு அனுப்பு என்றேன். "அபிகிட்ட இருக்கு, அனுப்பச் சொல்லுதேன்," என்றாள். வரவில்லை. அக்காவுக்கு மறதி அதிகம்.

முன்னால் இரண்டு வரன் தட்டிப்போயிற்று. கோவில்பட்டிக்காரர்களுக்குப் பொருத்தம் சரியில்லை. தூத்துக்குடிக்காரர்களுக்குத் திமிர். இதுவாவது கூடிவர வேண்டும். பிள்ளைக்கு இருபத்தேழு முடியப் போகிறது.

மே 19, ஞாயிறு

காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். மத்தியானம்தான் அக்கா சொன்னாள்.

"திடுதிப்புன்னு வந்துட்டாவ பிரமு, ஒனக்குச் சொல்ல நேரமில்ல."

டவுனுக்கும் பேட்டைக்கும் பத்து நிமிசம். சரி, போகட்டும். பையனும் அவன் அம்மாவும் வந்தார்களாம். அப்பாவுக்குக் காய்ச்சலாம், வரவில்லை. ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. அபி போனில் "மாமா" என்று சொல்லிவிட்டு ஒன்றும் பேசாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்புக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

சாயங்காலம் கூட்டம். சொர்ணம் அண்ணாச்சி வீட்டில் செய்த முறுக்கை ஒரு டப்பாவில் போட்டு எனக்கென்று கொண்டுவந்திருந்தார். ஆள் குஷியாக இருந்தார். ஏனோ என்னிடம் ஒரு தனிப் பிரியம்.

மே 23, வியாழன்

நேற்றைய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். காப்பி கொட்டிவிட்டது.

மே 28, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. செண்பகத்துக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

முப்பது நாள் ஆனவர்களுக்கு ரூபாய்க் காசு போல ஒரு வில்லை கொடுப்பார்கள். மே மூன்றிலிருந்து எண்ணினால் நேற்றோடு முப்பது நாள். எண்ணிக்கை சரிதான்.

நேற்று ராத்திரி கொஞ்சம் நேரமாகிவிட்டது. காலையில் இரண்டு தடவை பல் தேய்த்தேன், மூன்று ஏலக்காய் மென்றேன், போதாததற்குக் கிராம்பு. வில்லையைச் சொர்ணம் அண்ணாச்சி கையால்தான் வாங்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணாச்சி என் கையைப் பிடித்தவர் கொஞ்ச நேரம் விடவில்லை. முகத்துக்கு நேராக வந்து, "எதாவது சொல்லணுமாவே?" என்று மெதுவாகக் கேட்டார். "எல்லாம் உங்க ஆசீர்வாதம் அண்ணாச்சி" என்றேன். கையை விட்டுவிட்டார்.

இன்று முறுக்கு கொண்டுவரவில்லை.

ஜூன் 6, வியாழன்

மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

காரணம் சொல்லவில்லையாம். அக்கா போனில் ஓவென்று அழுகிறாள். பையனின் அப்பா ஒரே பிடியாக முடியாது என்றுவிட்டாராம். பையனுக்கே காரணம் தெரியவில்லை, அவன் அபியைக் கூப்பிட்டு அழுதிருக்கிறான். என்ன மனுசன் அவன்! ஒரு பெண்ணைப் பார்த்துச் சரி சொல்லி, மாதம்கூடச் சொல்லிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போவானாம். நேரில் கண்டால் நாலு கேள்வி கேட்காமல் விட மாட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

அக்கா வீட்டுக்குப் போனேன். அபி பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள், லீவு போட்டால் நாலு பேர் கேட்பார்கள் என்று. அத்தான் கடையைத் திறக்கவில்லை. "அந்த ஆளை எனக்குக் காட்டு, நான் போய்க் கேக்கேன்," என்று நான் குதித்தேன். அக்கா போனை எடுத்து அந்தக் குடும்பத்தின் போட்டோவைக் காட்டினாள்.

நெற்றி நிறையத் திருநீறு. சொர்ணம் அண்ணாச்சி.

"சொர்ணவேல்னு பேரு," என்றாள் அக்கா. "நல்ல மனுசனாத்தான் தெரியுதாரு. என்ன குறை கண்டாரோ!"

தண்ணீர் கேட்டேன். குடித்தேன். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என்ன குறை கண்டார் என்று உலகத்தில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். பெண்ணின் அப்பா ஆவுடையப்பன், தகப்பனார் பெயர் சங்கரலிங்கம், பேட்டை உரக்கடை, ஞாயிற்றுக்கிழமை சாராய நாற்றத்தோடு வந்து, முப்பது நாள் குடிக்கவில்லை என்று சொல்லி, கை தட்டு வாங்கினான். அதைத்தான் கண்டார். வெளியே சொல்லவும் முடியாமல் வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

இன்று குடித்தேன். மே 22 குடித்தேன், 27 குடித்தேன், ஜூன் 1 குடித்தேன். பக்கத்தில் காப்பி கொட்டவில்லை.

ஜூன் 8, சனி

குடிக்கவில்லை. இரண்டு தடவை வாந்தி. கண்ணை மூடினால் அபி போனில் சிரித்த சிரிப்பு கேட்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அண்ணாச்சி சாகும்வரை சொல்ல மாட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

கூட்டத்துக்குள் போகவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் காத்திருந்து, முடிந்து வந்தவரைப் பிடித்தேன். அண்ணாச்சி முகம் கொடுக்கவில்லை.

"அண்ணாச்சி, நான் ஆவுடையப்பன் இல்ல."

நின்றார்.

"என் பேரு பிரமநாயகம். பத்திரம் எழுதுதேன். ஆவுடையப்பன் எங்க அத்தான். அவுக குடிக்கதே கிடையாது. நான் வெக்கப்பட்டுக்கிட்டு அவுக பேரைச் சொல்லிட்டேன். அந்தப் பிள்ளைக்கு நான் தாய்மாமன். அதை வேண்டாம்னு சொல்லிராதீய."

அண்ணாச்சி கோபப்படுவார், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமனே கிடையாதேவே," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் போனை எடுத்து, கண்ணாடியை மாட்டி, தேடி, என் கையில் கொடுத்தார். அபியின் பயோடேட்டா. இந்த ஒரு மாதமாக எனக்கு வராத காகிதம். பெயர், பிறந்த நேரம், நட்சத்திரம், தந்தை, தாய், பூர்வீகம், எல்லாம் வரிசையாக, பிழையில்லாமல். கடைசியில் ஒரு வரி.

தாய்மாமன்: இல்லை.

பத்திரத்தில் ஒரு வாரிசை விட்டுவிட்டு எழுதச் சொல்லி எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கிற ஆளை எப்படிய்யா இல்லை என்று எழுதுவது என்று விரட்டியிருக்கிறேன்.

"இதுல எது பொய்யிவே?" என்று அண்ணாச்சி கேட்டார். "நீரு சொல்லுதது பொய்யா, இது பொய்யா? நான் யாரை நம்ப?"

"நான் இருக்கேன் அண்ணாச்சி," என்றேன்.

பெஞ்சில் உட்கார வைத்தார். நல்லவேளை, இது பெரியவர்களுக்கான பெஞ்சு.

"மொத நாள் நீரு பேரைச் சொல்லும்போதே இந்தக் காகிதம் எங்க வீட்டுக்கு வந்திருந்துச்சு. குடிகாரன் வீட்டுப் பொண்ணு வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பொண்ணு பாக்க வந்தா உமக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கிட்டேன். அன்னைக்கு எந்திரிச்சு வந்திருந்தா அங்கனயே வெளிச்சமாயிருக்கும். முப்பது நாள்னு பொய் சொல்லி வாங்கினீரு பாரும், அதுலதான் எனக்கு மனசு விட்டுப்போச்சு. ஆனா கூட்டத்துல கண்டதை வெளிய கொண்டுபோய் ஒரு முடிவெடுத்தேன். பதினோரு வருசத்துல அந்தத் தப்பை நான் செஞ்சதில்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரையும் நான்தான் குனிய வைத்தேன்.

"எங்க வீட்டுல நாலு நாளா என்கூடப் பேச்சு இல்ல," என்றார் பிறகு. "ஏன் வேண்டாம்னேன்னும் சொல்ல முடியாது, ஏன் இப்ப சரிங்கேன்னும் சொல்ல முடியாது. உம்மைப் பத்தி நீருதான் சொல்லணும். அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கிட்டு வாரும். அவ முன்னால சொல்லும்."

ஜூன் 10, திங்கள்

வழியெல்லாம் கோபம்தான். என்னை உயிரோடு கொன்றுவிட்டீர்களா என்று கேட்கப் போனேன். அக்கா வீட்டு வாசல் ஏறும்போதே தெரிந்துவிட்டது, முதலில் சொல்ல வேண்டியது என் பக்கத்தில் இருக்கிறது என்று. அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேரை எங்கே, எதற்காகச் சொன்னேன் என்று சொல்லும்போது அத்தான் கையை உதறிவிட்டு இலையை மடித்தார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அக்கா என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அம்பத்தோரு வயசில் அடி வாங்கினேன்.

"எம் புருசன் பேருதானால ஒனக்குக் கிடைச்சிது? சண்டாளா, எம் பிள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

நானும் கேட்டேன். "தாய்மாமன் இல்லைன்னு எழுதியிருக்கியே அக்கா. நான் செத்தா போயிட்டேன்?"

அபிதான் அடுக்களையிலிருந்து வந்தாள்.

"நான்தான் மாமா டைப் அடிச்சேன். அம்மா சொன்னா, நான் அடிச்சேன்." அவள் அழவில்லை. என்னை நேராகப் பார்த்தே சொன்னாள். "அடிக்கும்போது கை கூசுச்சு. ஆனா அடிச்சேன்."

"கோவில்பட்டி வரன் ஏன் போச்சு தெரியுமா?" என்றாள் அக்கா. "பொருத்தம் இல்லைன்னு ஒன்கிட்டச் சொன்னேன். விசாரிக்க வந்தவங்க டவுன்ல எறங்குனதும் மொதல்ல ஒன் ஆபீசுக்குத்தான் வந்திருக்காவ, தாய்மாமனாச்சேன்னு. நீ மேசையில தலையக் கவுத்திக் கெடந்திருக்க. தூத்துக்குடிக்காரங்ககிட்ட நீயே போன்ல பேசுன. என்ன பேசுனன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

இல்லை. ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை. அவர்களுக்குத் திமிர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது, ஊருக்குத் தெரியும் என்பது. முகத்தை மூடிக்கொண்டு பாளையங்கோட்டை போனேனே, எதற்காக?

அத்தான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "நீ இப்ப அங்க வந்து நின்னா, நாங்க எழுதுனதும் பொய்யின்னு ஆயிருமே மாப்ளே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.

"ஆகட்டும்ப்பா," என்றாள் அபி. "பொய்தானே?"

ஜூன் 14, வெள்ளி

பெருமாள்புரம். காலை பத்து மணிக்கு மேல் போனோம். அத்தான், அக்கா, நான். சொர்ணம் அண்ணாச்சி என்னை இதற்குமுன் பார்த்தேயிராதவர் போல வாங்க என்றார். நான் வாயைத் திறக்கிறவரை அவர் திறக்க மாட்டார் என்று புரிந்தது. அவர் சம்சாரம் வேலம்மாள் அம்மா எதிரில் உட்கார்ந்தார்கள். மகன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.

எழுந்து நின்றேன். ஒருத்தரும் நிற்கச் சொல்லவில்லை. "நான் பொண்ணுக்குத் தாய்மாமன்மா. பிரமநாயகம். குடிகாரன். அதனாலதான் என்னை இல்லைன்னு எழுதிட்டாவ. உங்க வீட்டுக்காரர் வேண்டாம்னு சொன்னதுக்கும் நான்தான் காரணம். அத்தான் பேரைச் சொல்லி நான் ஒரு எடத்துல குடிகாரனா உக்காந்திருந்தேன். அது உங்க வீட்டுக்காரர் காதுக்கு வந்துட்டு." பிறகு கேட்காததையும் சொன்னேன். "என் வீட்டுக்காரி அஞ்சு மாசமா அம்மா வீட்டுல இருக்கா. மாமியாருக்கு முழங்கால் வலின்னு சொல்லிக்கிட்டிருந்தேன். முழங்காலுக்கு அஞ்சு மாசம் ஆகாது."

வேலம்மாள் அம்மா தன் புருசனை ஒரு பார்வை பார்த்தார்கள். எங்கே காதுக்கு வந்தது என்று அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளாக் குடிக்கல?" என்று என்னிடம் கேட்டார்கள்.

ஒரு வருசம் என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. நிஜமாகவே இருந்தது. அக்கா என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள், கூட்டிச் சொல் என்று.

"இன்னையோட ஏழு நாள்மா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். எங்கேயோ குக்கர் விசில் அடித்தது.

"இவராவது ஏழுன்னு சொல்லுதாரு," என்றார்கள் வேலம்மாள் அம்மா, புருசனைப் பார்த்து. "நீங்க எங்க அப்பாகிட்ட ரெண்டு வருசம்னு சொன்னீய. அன்னைக்குக் காலையிலதான் ஊத்திக்கிட்டு வந்திருந்தீய."

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான். அந்த அம்மா அடுத்ததாக அக்காவைப் பிடித்தார்கள்.

"இருக்க ஆளை இல்லைன்னு எழுதலாமாம்மா? நாளைக்கு எம் பையன் எங்களை அப்படி எழுதுனா?"

அக்கா அழுதாள். அத்தான், "தப்புத்தாம்மா. எழுதச் சொன்னது நான்," என்றார். அது அவர் சொன்னதல்ல, அக்கா சொன்னது. எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

"பையனுக்குப் பிடிச்சிருக்கு. எனக்கும் அந்தப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு. ஆவணியிலயே வச்சிக்கிடுவோம்," என்ற அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்கள். "மணவறையில நீங்கதான் மாலை எடுத்துக் குடுக்கணும். ஆனா அன்னைக்கு வாடையோட வந்தீயன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன். பாவம் பாப்பேன்னு நினைக்காதீய. எங்கிட்ட இருந்த பாவம் பூராவையும் இவர்கிட்டயே பாத்து முடிச்சிட்டேன்."

காப்பி வந்தது. என் கையிலிருந்த தம்ளர் வட்டாவில் இடித்துச் சத்தம் போட்டது. எல்லோருக்கும் கேட்டது. யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

மத்தியானம் அத்தான் வந்தார். கல்யாண அழைப்பிதழுக்கு வாசகம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஆடி பிறப்பதற்குள், ஜூலை பதினைந்தாம் தேதி, அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். எழுத்துப்பிழை பார்த்துக் கொடு மாப்ளே என்றார்.

பார்த்தேன். இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது, போட்டேன். கீழே 'தாய்மாமன்' என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் இடம் விட்டிருந்தது.

நான் அதைப் பார்ப்பதை அத்தான் பார்த்துவிட்டார்.

"அச்சுக்குக் குடுக்க அன்னைக்குக் காலையில நேரா இங்கதான் வருவேன்," என்றார். "ஒன்னையப் பாத்துட்டு எழுதுதேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காது மடல் மட்டும் சுட்டது. சரி அத்தான் என்றேன். ஒரு பெரிய மனுசன், தன் பேரை நாறடித்தவன் வீட்டுக்கு வந்து, தன் மகள் பத்திரிகையைத் திருத்தச் சொல்லிக் கேட்கிறார். இதற்குமேல் நான் என்ன எதிர்பார்க்கிறது?

அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு செருப்பைப் போட்டார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னைக்கு நான் குடிச்சிருந்தா அந்த எடத்துல என்ன போடுவீய அத்தான்?"

அவர் வண்டிச் சாவியைத் தேடி எடுத்தார்.

"கோடு போட்டு விட்டிருவேன் மாப்ளே," என்றார். "இல்லைன்னு இன்னொரு தடவை எழுத மாட்டேன்."

வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். இருபத்தொன்பது நாள் இருக்கிறது. மணி நாலு ஆகப் போகிறது, இப்போது கிளம்பினால்தான் ஐந்து மணிக்குப் பாளையங்கோட்டை போய்ச் சேரலாம்.